சேவூர்த் துரைசாமிக்கு ஒரு மூட்டை கருவாடு

திருப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கியதும் நான் செய்த முதல் காரியம், நடைமேடையில் இருந்த இரும்புத் தூணைக் கட்டிப்பிடித்துக்கொண்டதுதான். கப்பலில் வந்து இறங்கியவர்களுக்குச் சில நாள் தரை ஆடும். சென்னையில் ஆடியது. ரயிலில் ஆடியது, அது ரயிலே ஆடியதாகவும் இருக்கலாம். திருப்பூரிலும் விடாமல் ஆடியது. பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர் என்னைப் பார்த்துவிட்டுத் தன் மனைவியிடம், "காலங்காத்தால பொம்பளைகளும் ஆரம்பிச்சுட்டாங்க பாரு" என்றார். எனக்குக் குடிப்பழக்கம் இல்லை, கடல் பழக்கம்தான் என்று சொல்ல நினைத்தேன். வாயைத் திறந்தால் பேச்சோடு வேறு ஏதாவதும் வந்துவிடும் போலிருந்ததால் மூடிக்கொண்டேன்.

என் பெயர் எஸ்தர். பிறந்தது, வளர்ந்தது, கல்யாணம் கட்டியது எல்லாம் அந்தமானில், போர்ட் பிளேர் பக்கம். என் கணவர் சகாயம் படகு எஞ்சின் மெக்கானிக். அவர் வேலை பார்த்த பட்டறையை மூடிவிட்டார்கள். நான் வீட்டில் ஜாக்கெட்டும் பள்ளிக்கூட யூனிஃபார்மும் தைத்துக்கொண்டிருந்தேன். தையல் தெரிந்த கைக்குத் திருப்பூரில் சோறு உண்டு என்று எல்லோரும் சொன்னார்கள். போய்ப் பிழைப்போம் என்றேன். அவர் "பாக்கலாம்" என்றார். எங்கள் வீட்டில் 'பாக்கலாம்' என்றால் 'மாட்டேன்' என்று பொருள். இந்த முறை நானாக 'சரி' என்று பொருள் வைத்துக்கொண்டு பெட்டியைக் கட்டிவிட்டேன்.

எங்கள் தீவில் ஒரு வழக்கம் உண்டு. யாராவது மெயின்லேண்டுக்குக் கப்பலேறுகிறார்கள் என்று தெரிந்தால் போதும், தெருவே மூட்டையோடு வந்து வாசலில் நிற்கும். அக்காவுக்குத் தேங்காய், மச்சானுக்குப் பாக்கு, சம்பந்தி வீட்டுக்குக் கருவாடு. மாட்டேன் என்று சொல்லக் கூடாது. அதைவிட முக்கியம், மூட்டையைப் பிரிக்கக் கூடாது. அடுத்தவர் மூட்டையைப் பிரித்தவர் என்று பெயர் வந்துவிட்டால், அப்புறம் தீவில் நாய்கூட நம்மை நம்பாது.

மற்றவர்கள் கொடுத்தனுப்பியதையெல்லாம் சென்னைத் துறைமுகத்திலேயே ஆள் வந்து வாங்கிக்கொண்டார்கள். மிஞ்சியது ஒன்று, பக்கத்து வீட்டு மைக்கேல் அண்ணன் கொடுத்த சாக்கு மூட்டை. உள்ளே சூரைக் கருவாடு. மேலே கறுப்பு மையில் 'துரைசாமி, சேவூர்' என்று எழுதியிருந்தது. அவ்வளவுதான் முகவரி. துரைசாமி என்பவர் ரொம்ப காலத்துக்கு முன்னால் கப்பல் அணைகிற ஜெட்டி கட்டுகிற வேலையில் அண்ணனோடு கொத்து வேலை பார்த்தவராம். "என் கருவாடுன்னா அவன் உசுரை விடுவான். சேவூர்னா திருப்பூர் பக்கம்தானே, போற வழியில குடுத்துரு புள்ள" என்றார். முகவரி போதுமா என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எங்கள் ஊரில் பேரும் ஊரும் இருந்தால் பூனைக்கு அனுப்பிய பார்சல்கூடப் போய்ச் சேரும்.

கப்பலில் எங்களுக்குக் கிடைத்தது பங்க் கிளாஸ். கீழ்த்தளத்தில் ஒரு பெரிய கூடம், அதில் அடுக்கடுக்காகக் கட்டில்கள். தீவு இன்னும் கண்ணுக்குத் தெரியும்போதே சகாயம் கட்டிலில் விழுந்துவிட்டார். தொட்டில் காலத்திலிருந்து படகிலேயே கிடந்த மனுஷன். "சின்னப் படகு ஆடுறது வேற, இது ஆடுறது வேற" என்று விளக்கம் சொல்லிவிட்டு வாளியைக் கேட்டார். எதிர்க் கட்டிலில் இருந்த வங்காளி அம்மா இந்தியில், "மகளே, இவ்வளவு பெரிய ஆம்பளையை வைத்துக்கொண்டு நீ எப்படித்தான் குடும்பம் நடத்துகிறாயோ" என்று சொல்லி, ஓர் எலுமிச்சம்பழத்தை அவர் மூக்கில் வைத்து அழுத்தினார். தீவில் வங்காளியும் தெலுங்கரும் தமிழரும் சண்டை போடுவது, சமாதானம் ஆவது எல்லாம் இந்தியில்தான். எலுமிச்சம்பழத்துக்கு மட்டும் மொழி தேவைப்படவில்லை.

நான் மேல்தளத்துக்குப் போய்த் தீவு மறைகிறவரைக்கும் நின்றேன். அழுகை வந்தது, அழுதேன். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அழுதுவிட்டுத் தட்டை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். சோறு, பருப்பு, ஓர் அவித்த முட்டை. சகாயத்தின் முட்டையையும் நானே சாப்பிட்டேன். கூடம் முழுக்கக் கருவாட்டு வாசம். ஆனால் ஆளுக்கொரு மூட்டை வைத்திருந்ததால் யாரும் யாரையும் கேட்கவில்லை.

ரயிலில் கேட்டார்கள். நாங்கள் முதல் தடவையாக ரயிலேறுகிறோம். சாயங்கால ரயிலுக்குக் காலையிலேயே போய்ப் பாயை விரித்து உட்கார்ந்திருந்தோம். கப்பலுக்கு அப்படித்தான் போக வேண்டும். ரயில் புறப்பட்ட கொஞ்ச நேரத்தில் எதிரே இருந்த கல்லூரிப் பெண் போனில், "அம்மா, பெட்டிக்குள்ள ஏதோ செத்துக் கிடக்குதும்மா" என்று கிசுகிசுத்தாள். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். ஈரோட்டில் சகாயம் டீ வாங்க இறங்கினார். கப்பல் என்றால் மூட்டை ஏற்றவே அரை நாள் நிற்கும், ரயிலும் நிற்கும் என்று அவராக நினைத்துக்கொண்டார். ரயில் நகர்ந்தது. நான் அலறினேன். யாரோ சங்கிலியைப் பிடித்து இழுக்கப் போன நேரத்தில், பின்பெட்டியில் தொற்றி ஏறிய மனுஷன் இரண்டு கையிலும் டீயோடு நடந்து வந்து சேர்ந்தார். ஒரு சொட்டுச் சிந்தவில்லை. வாந்தி எடுத்தாலும் படகுக்காரன் படகுக்காரன்தான்.

முதலிபாளையத்தில் ஒரு பனியன் கம்பெனியில் எனக்கு வேலை சொல்லியிருந்தார்கள். போனதும் மிஷினில் உட்கார வைத்துச் சோதித்துப் பார்த்தார்கள். எங்கள் ஊரில் நான் மிதித்தால்தான் மிஷின் ஓடும். இங்கே காலை வைத்ததும் அதுவே பாய்ந்தது. குழந்தை பனியன் ஒன்றைக் கொடுத்தார்கள். நான் தைத்து முடித்தபோது அதில் கை நுழைக்க வழியே இல்லாமல் இருந்தது. சூப்பர்வைசர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "கை இல்லாத குழந்தைக்கு ஆர்டர் வந்தா சொல்லியனுப்பறேனுங்க" என்றார். இரண்டாவதை ஒழுங்காகத் தைத்தேன். திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்.

அதே நேரத்தில் யாரோ ஒருவர், "சீக்கிரம் முடிங்க, கப்பல் போயிரும், கப்பல் போயிரும்" என்று கத்திக்கொண்டு ஓடினார். சுற்றிக் கண்ணுக்கெட்டிய தூரம் சொட்டுக் கடல் கிடையாது. ஏற்றுமதிச் சரக்கைச் சொல்கிறார்கள் என்று புரிய எனக்குக் கொஞ்ச நேரம் ஆனது. "அவ்ளோ சீக்கிரமெல்லாம் கப்பல் போவாது சார், எங்க ஊருல சொன்ன நேரத்துக்குப் போனதே இல்ல" என்று ஆறுதல் சொன்னேன். அவர் என்னை முறைத்த முறைப்பில் எனக்கு மறுபடி தரை ஆடியது.

கம்பெனியில் பெண்களுக்கு மட்டும்தான் விடுதி. சகாயத்துக்கு இடமில்லை. அவர் கேட்டுக்கு வெளியே நின்று இரண்டு பீகார்ப் பையன்களோடு இந்தியில் பேச ஆரம்பித்து, அவர்கள் அறையிலேயே விருந்தாளியாகிவிட்டார். ஆனாலும் முகம் தொங்கிவிட்டது. "எஸ்தரு, நீ இங்க, நான் அங்க, இது என்ன பொழப்பு? ஞாயித்துக்கெழமைக்குள்ள வீடு கெடச்சா இருக்கேன். இல்லாட்டி நான் கப்பலேறிருவேன். நீ சம்பாதிச்சு அனுப்பு" என்றார். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. அவர் கோபமாகச் சொன்னால் கவலையில்லை, சிரிக்கலாம். மெதுவாகச் சொன்னார். 

கம்பெனிக்குப் பக்கத்திலேயே வீடு ஒன்று இருந்தது. வரிசையாக ஒரே மாதிரிக் கதவு வைத்த லைன் வீடுகள். கடைசி வீடு காலி. வீட்டுக்காரம்மா வள்ளியம்மாள், நெற்றி நிறைய விபூதி, கையில் சாவிக்கொத்து. நல்ல மரியாதையாகத்தான் பேசினார்.

"எந்தூருங்க?"

"அந்தமானுங்க" என்றேன். வந்த நாளிலேயே எனக்கும் அந்த 'ங்க' ஒட்டிக்கொண்டது.

அவர் ஒரு எட்டுப் பின்னால் வைத்தார். "அங்க ஜெயிலு மட்டும்தானுங்க இருக்குது? எப்ப உட்டாங்க உங்களை?"

ஜெயில் இப்போது பார்வையாளர்கள் டிக்கெட் வாங்கிப் பார்க்கிற இடம், நாங்கள் அதற்குள் இருந்தவர்கள் இல்லை என்று புரிய வைக்கச் சகாயம் முயன்றார். பதற்றத்தில் அவருக்கு இந்தி பாதி, தமிழ் பாதி வந்தது. அந்தம்மாவுக்குச் சந்தேகம் இன்னும் கூடிவிட்டது.

"தப்பா நெனைக்காதீங்க கண்ணு. இங்க உங்களைத் தெரிஞ்சவங்க ஒருத்தரு வந்து ஒரு வார்த்தை சொல்லோணும். யாருமே தெரியாதவங்களுக்கு நான் எப்படீங்க சாவி குடுப்பேன்? ஞாயித்துக்கெழமை பொழுதோட வரைக்கும் பாக்கறேன். அப்பறம் வேற ஆளுக்கு உட்டுப்போடுவேன்."

ஊரில் எங்களைத் தெரியாதவர்கள் யாரும் இல்லை. இங்கே தெரிந்தவர்கள் யாரும் இல்லை. தெருவில் நின்று யோசித்தோம். யோசிக்க யோசிக்க மூக்கில் ஏறியது அந்தக் கருவாட்டு வாசம். இருவரும் ஒரே நேரத்தில் மூட்டையைப் பார்த்தோம். மெயின்லேண்ட் முழுக்கத் தேடினாலும் எங்களிடம் இருந்த ஒரே பெயர் அதில்தான் இருந்தது. துரைசாமி, சேவூர்.

மறுநாள் கிளம்பினோம். திருப்பூர் பஸ் ஸ்டாண்டில் முதலில் நகர்ந்த பஸ்ஸில் சகாயம் ஏறிவிட்டார். எங்கே போகிறது என்று கேட்கவில்லையே என்றேன். "போனா என்ன, சுத்தி வந்துரும்ல" என்றார். தீவில் அதுதான் உண்மை. எந்தப் பஸ்ஸில் ஏறினாலும் கொஞ்ச நேரத்தில் கடல் குறுக்கே வரும், பஸ் திரும்பித்தான் ஆக வேண்டும். இங்கே கடல் குறுக்கே வரவில்லை. பஸ் போய்க்கொண்டே இருந்தது. தனியார் பஸ், பாட்டு காதைப் பிளந்தது. வடக்கே இருக்கிற சேவூருக்குக் கிளம்பிய நாங்கள், தெற்கே பல்லடத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

மூட்டையைக் கண்டக்டர் வாங்கி டிரைவர் பக்கத்தில் எஞ்சின் மேல் வைத்துவிட்டார். எஞ்சின் சூடேற, சூரை மணக்க ஆரம்பித்தது. முதலில் டிரைவர் பாட்டை நிறுத்தினார். அப்புறம் பஸ்ஸை நிறுத்தினார். ஆளாளுக்கு இருக்கைக்கு அடியில் குனிந்து செத்த எலியைத் தேடினார்கள். ஒரு அம்மா, "புரட்டாசி மாசத்துல இதென்னங்க கொடுமை, கோயிலுக்குப் போயிட்டிருக்கறேன்" என்று மூக்கைப் பொத்தினார். கண்டக்டர் என்னிடம் வந்து, கல்யாணத்துக்கு அழைக்கிற மாதிரி அவ்வளவு பணிவாகச் சொன்னார். "ஏனுங்கக்கா, நீங்க இருங்க. மூட்டை மட்டும் எறங்கிக்கட்டுங்க."

மூட்டை இறங்கினால் நாங்களும் இறங்கத்தானே வேண்டும்? பல்லடத்துக்குக் கொஞ்சம் முன்னால் இறக்கிவிட்டார்கள். நல்லவேளை, அங்கே ஒரு கோழிப் பண்ணை இருந்தது. அந்த வாசத்தில் எங்கள் மூட்டை உள்ளூர்க்காரன் மாதிரி கலந்துவிட்டது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. புரட்டாசி. ஊரே கவுச்சியை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிற மாதத்தில், ஒரு மூட்டை கருவாட்டோடு வந்து இறங்கியிருக்கிறோம். எங்கள் ஊரில் இதே சமயத்தில் வங்காளிகள் பூஜைக்கென்று பெரிய மீனாகப் பார்த்து வாங்கித் தலையில் வைத்துக்கொண்டு போவார்கள். அதைப் பார்த்தே வளர்ந்ததால் நினைவே வரவில்லை.

பல்லடத்தில் சாப்பிடப் போனோம். மூட்டை வெளியே, நாங்கள் உள்ளே. கொள்ளுப் பருப்பு, ரசம், கீரை. "மீன் கொழம்பு இருக்கா?" என்று சகாயம் கேட்டார். சர்வர் சுற்றும் முற்றும் பார்த்துவிட்டு, "மெதுவாப் பேசுங்கண்ணா" என்றார். கொள்ளுப் பருப்பு நன்றாகவே இருந்தது, பொய் சொல்லக் கூடாது. ஆனால் சாப்பிட்டு முடித்ததும் சகாயம் மூட்டையை ஒரு பார்வை பார்த்தார். "எஸ்தரு, ஒரே ஒரு துண்டு. மைக்கேல் அண்ணனுக்குத் தெரியவா போவுது?"

"கை வச்சீங்க, நானே உங்களைக் கப்பல்ல ஏத்தி விட்டுருவேன்" என்றேன். பசிக்குக் கேட்கிற மனுஷனைத் திட்டியதில் எனக்கே பாவமாக இருந்தது. ஆனால் அடுத்தவர் மூட்டை அடுத்தவர் மூட்டைதான்.

சனிக்கிழமை ஒழுங்காக விசாரித்து, அவிநாசி போய், அங்கிருந்து சேவூர் போய்ச் சேர்ந்தோம். பஸ் நிறுத்தத்துக்கு எதிரே இருந்த மளிகைக் கடையில் நம்பிக்கையோடு கேட்டேன். "துரைசாமி வீடு எங்கங்க?"

"எந்தத் துரைசாமிங்க?" என்றார் கடைக்காரர். "டிராக்டர் துரைசாமியா, வாத்தியார் துரைசாமியா? மேக்கால தோட்டத்துத் துரைசாமியா? எங்கப்பாரு பேருகூட துரைசாமிதானுங்க. காலமாயிட்டாருங்க."

எனக்குத் தலை சுற்றியது. இந்த முறை கப்பல் காரணமில்லை. அந்தமானில் கொத்து வேலை பார்த்தவர் என்றேன். அப்படி யாரையும் தெரியாது என்றார். மைக்கேல் அண்ணனுக்குப் போன் போட்டேன். காற்றும் அலையும் இரைகிற சத்தத்துக்கு நடுவில் அவர் குரல் வந்தது.

"அண்ணே, ஆளு எப்படி இருப்பாரு? அடையாளம் சொல்லுங்க."

"நல்ல மனுஷன் புள்ள."

"அது அடையாளமாண்ணே?"

"கருவாடு திங்கும்போது கண்ணை மூடிக்குவான். மூடினா முடிக்கிற வரைக்கும் தொறக்க மாட்டான். அதான் அடையாளம்" என்றார். தொடர்பு அறுந்தது.

புரட்டாசிச் சனிக்கிழமையில், ஊரில் உள்ள துரைசாமிகளுக்கெல்லாம் கருவாடு கொடுத்து, யார் கண்ணை மூடுகிறார்கள் என்று பார்ப்பதா? அடி வாங்காமல் ஊர் திரும்புவதே சந்தேகம் என்றார் சகாயம்.

டிராக்டர் துரைசாமி வீட்டில் அப்போதுதான் பூசை முடித்து, தலைவாழை இலையில் படையல் வைத்திருந்தார்கள். நாங்கள் வாசலில் நின்றதுமே உள்ளே யாரோ தும்மினார்கள். டிராக்டர் துரைசாமி நெற்றியில் நாமத்தோடு வெளியே வந்து, மூட்டையைப் பார்த்து, எங்களைப் பார்த்து, "நானில்லீங்க" என்று கேள்வி கேட்பதற்கு முன்பே சொல்லிவிட்டார். அதோடு விடவில்லை. "மூட்டையை அக்கட்டால வேப்பமரத்தடியில வெச்சுப்போட்டு, வந்து ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க. சனிக்கெழமை வாசல்ல வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பறதா?" என்று பிடிவாதமாக உட்கார வைத்தார். வடை, பாயசம், அரிசிம்பருப்புச் சோறு.

வாத்தியார் துரைசாமி வீட்டிலும் அதே கதை. அவர் அந்தமான் எங்கே இருக்கிறது என்று சுவரில் இருந்த வரைபடத்தில் எங்களுக்கே காட்டினார். மறுபடி வடை, மறுபடி பாயசம். மூன்றாவது ஒரு வீட்டைக் காட்டினார்கள். அங்கே இருந்த துரைசாமிக்கு இன்னும் பல் முளைக்கவில்லை; தொட்டிலில் கிடந்து கால் கட்டை விரலைச் சப்பிக்கொண்டிருந்தான். அங்கேயும் பாயசம். சகாயத்தால் நடக்க முடியவில்லை. மூட்டையைவிட அவர் கனமாகிவிட்டார்.

கடைசியாக மேற்கால தோட்டம். வாழைக்கு நடுவில் மோட்டார் ரூம். அதன் வாசலில் மெலிந்த ஒரு மனிதர், தோளில் துண்டு, சுருங்கிய முகம். மூட்டையை அவர் பார்த்த பார்வையில் ஏதோ இருந்தது. பிரிந்துபோன சொந்தத்தைப் பார்க்கிற பார்வை.

"மைக்கேல் அண்ணன் அனுப்பினாரு. அந்தமான்ல..." என்று ஆரம்பித்தேன்.

"நாந்தானுங்க" என்றார். நான் வாக்கியத்தை முடிக்கவே இல்லை. "துரைசாமி, நாந்தானுங்க. உள்ள வாங்க. கதவைச் சாத்திப்போடுங்க. என்ற ஊட்டுக்காரி பாத்தா கொன்னே போடுவா."

மோட்டார் ரூமுக்குள் மூன்று கல் அடுப்பு. விறகுத் தணலில் இரண்டு துண்டுகளைச் சுட்டார். நாங்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அவர் கண்ணையே பார்த்தோம். அவர் ஒரு துண்டை வாயில் வைத்தார். கண்ணை மூடினார். மென்றார். மூடிய கண் திறக்கவே இல்லை. "மாசம் பொறந்ததுல இருந்து கீரையும் பருப்பும் சாமி" என்று மூடிய கண்ணோடு முனகினார். சகாயம் என் கையைப் பிடித்து அழுத்தினார். கிடைத்துவிட்டார்! எனக்குச் சந்தோஷத்தில் கண்ணே கலங்கிவிட்டது.

வீட்டு விஷயத்தைச் சொன்னோம். "அதுக்கென்னுங்க, நாளைக்கு வந்து சொல்லிப்போட்டாப் போச்சு" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை மொபெட்டில் வந்து இறங்கினார், வெள்ளை வேட்டி சட்டையில். பின்னால் ஏனோ அந்த மூட்டையும் கட்டப்பட்டிருந்தது. வள்ளியம்மாள் நாற்காலி போட்டு, மோர் கொடுத்து, விசாரணையைத் தொடங்கினார்.

"நீங்க இவங்களுக்கு என்ன ஒறம்பரைங்க, எந்த வழிச் சொந்தமுங்க?"

"ஒறம்பரை இல்லீங்க. பழக்கமுங்க. அந்தமான் பழக்கம்."

"அந்தமான்ல இருந்தீங்களா? அங்க எப்படீங்க, நல்ல ஊருங்களா?"

"நல்ல ஊருங்க. தண்ணி வசதி இருக்குது."

"அத்தனை தொலைவு எப்படிப் போவீங்க வருவீங்க?"

"ரயில்லதானுங்க" என்றார் துரைசாமி. "காலையில ஏறுனா பொழுதோட எறங்கிக்கலாம்."

எனக்குக் காலுக்கடியில் தரை விலகியது. சகாயம் என்னைப் பார்த்தார், நான் அவரைப் பார்த்தேன். இந்த மனிதர் அந்தமானைக் கண்ணால் கண்டவர் இல்லை. இவர் துரைசாமி. ஆனால் எங்கள் துரைசாமி இல்லை.

வள்ளியம்மாளுக்கு அந்தமான் எங்கிருக்கிறது என்று தெரியாது. தலையை ஆட்டிக்கொண்டிருந்தார். சாவி மடியில் இருந்தது. நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும், வீடு எங்களுக்கு. சகாயம் இங்கேயே இருப்பார். நான் என் வாழ்நாளில் அவ்வளவு நேரம் பேசாமல் இருந்ததில்லை. ஆனால் முடியவில்லை. "அம்மா, அந்தமானுக்கு ரயில் கெடையாதுங்க" என்று சொல்லிவிட்டேன். சொன்ன நிமிடமே அழுகை வந்துவிட்டது.

சகாயம் தலையில் கைவைத்துக்கொண்டு உட்கார்ந்தார். துரைசாமி மோர் டம்ளரைக் கீழே வைத்தார். எழுந்து போய் மொபெட்டிலிருந்து மூட்டையை அவிழ்த்துக் கொண்டுவந்து எங்கள் முன்னால் வைத்தார்.

"ரெண்டு துண்டுதானுங்க தின்னேன். மிச்சம் அப்படியே இருக்குது. மனசு கேக்கலை, அதான் எடுத்துட்டு வந்தேன்" என்றார். பிறகு வள்ளியம்மாள் பக்கம் திரும்பினார். "அம்மணி, நான் அந்தமானைப் பாத்ததே இல்லீங்க. புரட்டாசிச் சனிக்கெழமை, விரதம் உடறதுக்கு முன்னால, மோட்டார் ரூமுல ஒளிஞ்சு கருவாடு தின்னவனுங்க நான். வாசத்துக்கு ஆசைப்பட்டுப் பொய் சொல்லிப்போட்டேன். ஆனா இவங்களை எனக்குத் தெரியுமுங்க. கடல் தாண்டி இந்த மூட்டையைக் கொண்டாந்திருக்கறாங்க. பஸ்ஸுல இருந்து எறக்கி உட்டிருக்கறாங்க. ஊரெல்லாம் துரைசாமி துரைசாமின்னு சுத்தியிருக்கறாங்க. நான் கட்டைப் பிரிச்சேன் பாருங்க, அந்தமான்ல போட்ட முடிச்சு அப்படியே இருந்துச்சு. ஒரு துண்டு எடுக்கலீங்க. என்னால ஒரு மாசம் அடக்க முடியலை. இதுக்கு மேல இவங்களைப் பத்தி என்ன தெரியோணுமுங்க?"

வள்ளியம்மாள் விபூதியைத் தொட்டுக்கொண்டார். "புரட்டாசிச் சனிக்கெழமையா?" என்று மட்டும் கேட்டார்.

"ஆமாங்க" என்றார் துரைசாமி, தலையைக் குனிந்துகொண்டு.

"சூரையா?"

"ஆமாங்க."

"இந்தப் பாவத்தை ஒருத்தன் வெளிய சொல்லுவானுங்களா?" என்று எங்களைப் பார்த்துக் கேட்டார் வள்ளியம்மாள். "இதையே ஒத்துக்கிட்டவன் உங்களைப் பத்திப் பொய்யா சொல்லப்போறான்? இந்தாங்க கண்ணு, சாவி. ஆனா ஐப்பசி பொறக்கற வரைக்கும் அந்த மூட்டை இந்தக் காம்பவுண்டுக்குள்ள இருக்கக் கூடாது. பொறந்ததும் சொல்லியனுப்புங்க. நான் ஒரு கிண்ணம் எடுத்துட்டு வர்றேன்."

அன்று அந்தக் கடைசி வீட்டில் பாய் விரித்துப் படுத்தபோது எனக்குத் தரை ஆடவில்லை. சகாயத்துக்கு இப்போது ஒரு சாயப் பட்டறையில் ஜெனரேட்டர் மெக்கானிக் வேலை. ஞாயிற்றுக்கிழமைகளில் மேற்கால தோட்டத்துத் துரைசாமியின் மொபெட்டில் அந்த மூட்டையோடு ஏறிக்கொண்டு, இருவருமாக உண்மையான துரைசாமியைத் தேடப் போகிறார்கள். சுற்றுவட்டாரத்தில் துரைசாமிகளுக்குப் பஞ்சமில்லை. எல்லோரும் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புகிறார்கள். சகாயத்தின் சட்டையை நான் இரண்டு தடவை பிரித்துத் தைத்துவிட்டேன். மைக்கேல் அண்ணனிடம் நடந்ததைச் சொன்னபோது, "கண்ணை மூடித்தானே தின்னான்? அப்ப அவன் தின்னதுல தப்பில்ல" என்றார்.

போன வாரம் வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால், எங்கள் வாசலில் முன்பின் தெரியாத ஒருவர் தூணைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஆளைப் பார்த்ததுமே புரிந்துவிட்டது, கப்பலில் வந்தவர். காலடியில் ஒரு சாக்கு மூட்டை. அதன் மேல் மைக்கேல் அண்ணனின் கறுப்பு மையில், 'எஸ்தர், முதலிபாளையம்' என்று மட்டும் எழுதியிருந்தது.

"இதை வச்சு எப்படிண்ணே கண்டுபிடிச்சீங்க?" என்றேன்.

"டீக்கடையில கேட்டேன். எந்த எஸ்தரு, செக்கிங் எஸ்தரா, டீச்சர் எஸ்தரான்னாங்க. எனக்குத் தெரியாதுன்னேன். அப்பறம் ஒருத்தர் மூட்டையை மோந்து பாத்தாரு. அட, நம்ம கருவாட்டு எஸ்தரக்கா ஊடுன்னு சொல்லி, கையோட கூட்டிட்டு வந்து விட்டுட்டாரு."